ரெண்டு கை, ஒரு திருடன்

— பிரேக்கு சார், பிரேக்கு! அமுக்குங்க!

— அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் ராஜா. அது கேட்டாத்தானே?

— நீங்க அமுக்குறது ஆக்சிலரேட்டர் சார்! ஐயோ, வளைவு வருது, நான் ஒடிக்கிறேன்… போச்சு.

— என்ன போச்சு? கார் எங்க?

— ரோட்டுக்குள்ள போயிடுச்சு.

— பள்ளத்துல விழுந்துட்டோமா?

— பள்ளமெல்லாம் இல்ல சார். இந்த கேம்ல அந்த வளைவு மட்டும் பேருக்குத்தான் ரோடு. கீழ ஒண்ணுமே போடல. மறந்துட்டானுங்க. பாருங்க, நம்ம ஆளு காரோட வானத்துல விழுந்துக்கிட்டே இருக்கான்.

— அடேயப்பா! ஊரோட அடிப்பக்கமெல்லாம் தெரியுதே. இவ்வளவு பெரிய கட்டடம், உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் அட்டைப்பெட்டி.

— இப்படி ஒரு வண்டியை எவனாவது ஓட்டிட்டு வந்தா என் ஷெட்டு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன் சார். சத்தியமா. நாலு போல்ட்டு மாட்டல, நாற்பது நட்டு லூசு. ஆனா பெயிண்ட் மட்டும் பளபளன்னு.

— திட்டாத ராஜா. எனக்குப் பிடிச்சிருக்கு. விழட்டும். எவ்வளவு நேரம் இப்படி விழுவான்?

— நாம நிறுத்துற வரைக்கும்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் இங்க பாக்குறீங்களா? ஊசி குத்துன கையை ஆட்டக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? மெக்கானிக் அண்ணே, உங்க மெஷின் ரெண்டு தடவை கத்திடுச்சு.

— நான் ஆட்டல சிஸ்டர். சார் பிரேக் போடாத அதிர்ச்சியில அதுவா ஆடிடுச்சு.

— ஆறு வருஷமா இந்த டயாலிசிஸ் வார்டுல இருக்கேன். நாலு மணி நேரமும் தூங்குறவங்களைப் பாத்திருக்கேன், போன்ல சண்டை போடுறவங்களைப் பாத்திருக்கேன். ஒருத்தருக்கு இடது கை மெஷின்ல, இன்னொருத்தருக்கு வலது கை மெஷின்ல. மிச்சம் கிடக்குற ரெண்டு கையையும் ஒண்ணு சேத்து ஒரு திருடனை ஓட்டுறவங்களை இப்பத்தான் பாக்குறேன்.

— நாங்க ஏமாத்தல சிஸ்டர். நடுவுல ஸ்டூல், ஸ்டூல் மேல லேப்டாப்பும் கண்ட்ரோலரும். ஸ்டியரிங் என் கை. பிரேக்கும் துப்பாக்கியும் சார் கை. அதனாலதான் எட்டு மாசமாகியும் நம்ம திருடன் இன்னும் ஒருத்தனையும் சுடல.

— சுடாம ஓட்டுனா வண்டி ஓடாதா? சிக்னல்ல நின்னு நிதானமாப் போறதுல என்ன குறைஞ்சுட்டோம்?

— சார், இது கார் திருடுற கேம். பின்னாடி பத்து போலீஸ் வண்டி துரத்துது. நீங்க சிவப்பு விளக்குக்கு நிக்கிறீங்க.

— ஐயா, சிரிச்சுக்கிட்டே நழுவாதீங்க. இன்னைக்கு வெயிட் பாத்தேன். மூணே முக்கால் கிலோ ஏறியிருக்கு. தண்ணி குடிச்சிருக்கீங்க.

— வெயில் தாங்கல சிஸ்டர். ஒரு டம்ளர் கூடப் போயிடுச்சு.

— டம்ளரா? குடம்னு சொல்லுங்க. அத்தனையும் இன்னைக்கு உறிஞ்சணும். கால் இழுக்கும், பிரஷர் இறங்கும். கண்ணு இருட்டுனா வாயைத் திறந்து சொல்லணும், சரியா? அண்ணே, உங்களுக்கும் ஒண்ணு. உங்க அக்காவோட டெஸ்டெல்லாம் பொருந்தி வந்து ரெண்டு மாசமாச்சு. ஆபரேஷன் தேதி எப்பன்னு டாக்டர் கேக்குறாரு. கிட்னி கிடைக்காம இங்க எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்க தெரியுமா? உங்களுக்குக் கூடப்பிறந்தவ கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. நீங்க இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்குறீங்க.

— சொல்றேன் சிஸ்டர்.

— இதையேதான் போன மாசமும் சொன்னீங்க.

— வெள்ளிக்கிழமை ஒரு வேலை இருக்கு. அது முடியட்டும். அப்புறம் சொல்றேன்.

— வெள்ளிக்கிழமைக்கு மேல ஒரு நாள் தர மாட்டேன், சரியா? நான் அந்தக் கோடி பெட்டைப் பாத்துட்டு வரேன்.

— போயிட்டாங்களா சார்?

— போயிட்டாங்க. நீ மறுபடி ஆரம்பி. என்ன, சேவ் ஆகியிருக்கா?

— சேவ்வா? இதுலயா? போன தடவை செஞ்சது பாதி இருக்கு, அதுக்கு முந்தி செஞ்சது முழுசா இருக்கு, இன்னைக்கு செஞ்சது காணோம். கம்பெனிக்காரன் புதுசா ஒண்ணு அனுப்பியிருக்கான், அதை ஏத்துனா சரியாயிடுமாம். நம்ம வார்டு நெட்டுல அது இறங்கி முடியுறதுக்குள்ள நமக்கே காடு வந்துடும்.

— அப்படிப் பேசாத. நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவை கடல் பக்கம் போயிட்டு வேலையைப் பாப்போமே.

— ஒவ்வொரு தடவையும் கடலா சார்?

— உனக்குத் தெரியாது ராஜா. வீட்டுல என் மருமக தண்ணியை அளந்து ஊத்துறா. அரை பாட்டில், அதுக்கு மேல வாயைத் திறக்க முடியாது. ஐஸ் கட்டியைக் கன்னத்துல அடக்கிக்கிட்டுப் பொழுதை ஓட்டுறேன். இந்தப் பய பாலத்து மேலருந்து கடல்ல குதிக்கிறான் பாரு, அப்ப எனக்கு இங்க தொண்டை நனையுது.

— எனக்கும்தான் சார். ஆனா அலையைக் கவனிச்சீங்களா? ஓரத்துல அப்படியே நிக்குது. கண்ணாடித் துண்டு மாதிரி.

— நிக்கட்டுமே. தண்ணி தண்ணிதானே.

— எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான் சார். அந்த லாரி இருக்கே, அது டீசல் வண்டி. அதுக்கு பெட்ரோல் இன்ஜின் சத்தத்தை வச்சிருக்கான். முதல் தடவை கேட்டப்ப காதுல ஈயத்தை ஊத்துன மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் பழகிடுச்சு. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, ஸ்பானர் பிடிச்சா கை நடுங்குது. இதுல உக்காந்தா ஒரு ஊரையே சுத்திட்டு வரேன். ஓட்டையோ ஒடசலோ, இது என் வண்டி சார்.

— எனக்கும் ஒரு குறை உண்டு. இந்தப் போலீஸ்.

— போலீசுக்கு என்ன?

— இப்படியா பின்னாடியே வாலு மாதிரி வருவான்? முதல்ல ரெண்டு பக்கத் தெருவையும் அடைக்கணும். ஒருத்தன் வண்டி நம்பரை சொல்லிக்கிட்டே வரணும். ஒருத்தன் நேரா அவன் வீட்டுக்குப் போய் உக்காந்துடணும். எங்க சுத்துனாலும் அங்கதானே வருவான்? இதுங்க சுவத்துல முட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்குதுங்க.

— இதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?

— ஆபீஸ்ல பேசிக்குவாங்க.

— எந்த ஆபீஸ்னு எட்டு மாசமாக் கேக்குறேன். கவர்மெண்ட் ஆபீஸ்ங்கறீங்க, அதுக்கு மேல பேச்சைக் காணோம்.

— ரிட்டயர் ஆனவனுக்கு எந்த ஆபீசா இருந்தா என்ன? மேப்புல ஏதோ மஞ்சளா மின்னுதே, அது என்ன?

— புது வேலை சார். இதை முடிச்சாத்தான் ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்குற பாதி ஊரு திறக்கும். ஒரு குடோனுக்குப் போகணும். வாங்க போயிடலாம்.

— மெதுவா ஒடி. இப்ப பிரேக் என் விரல்ல சரியா இருக்கு.

— வந்தாச்சு. இறங்குங்க. கதவைத் திறங்க சார், அந்த மேல் பட்டன்.

— உள்ள யாரோ உக்காந்திருக்கானே.

— நாற்காலியில கட்டிப்போட்டிருக்காங்க. எதிரிக் கூட்டத்தோட டிரைவராம். இவன்கிட்ட ஒரு பேரு வாங்கணுமாம். அதுதான் வேலை.

— எப்படி வாங்கணும்?

— எழுதியிருக்கு பாருங்க. வலதுபக்க பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கணும். அது உங்க கை.

— அமுக்குனா?

— அடிப்போம்.

— வேண்டாம் ராஜா. வேற வேலைக்குப் போலாம்.

— வேற வேலையே இல்ல சார், இதை முடிக்காம ஒண்ணும் திறக்காது. கேம்தானே? அமுக்குங்க, கண்ணை மூடிக்கிட்டு நாலு தடவை.

— ம்.

— இன்னும் ரெண்டு. அவ்ளோதான். பாருங்க, சொல்லிட்டான். பேரைச் சொல்லிட்டான், கேட்டுச்சா? கீழ எழுத்துலயும் வந்துடுச்சு.

— அப்ப முடிஞ்சுதா?

— முடியல. இன்னும் அமுக்கச் சொல்லுது. இருங்க… மறுபடி அமுக்குங்க. மறுபடியும் அதே பேரைச் சொல்றான். மறுபடியும் அமுக்குன்னுது. ஐயையோ, இதுதான் சார் அந்தக் கோளாறு. இந்த இடத்துல மாட்டிக்கும்னு கேம் ஆடுறவங்கல்லாம் எழுதியிருந்தாங்க. இவன் சொல்றது கேமுக்குக் கேக்காது. விடியுற வரைக்கும் அடிச்சாலும் சொல்லிக்கிட்டே இருப்பான், அது கேட்டுக்காது.

— போதும்.

— என்ன சார்?

— போதும்டா. விட்டுடு. செத்துடப்போற. சொல்லிடு ராஜா, எதுக்கு உடம்பைப் புண்ணாக்கிக்கிற? நான் பாத்துக்குறேன்.

— சார்.

— ம்?

— இப்ப என்ன சொன்னீங்க?

— என்னத்த சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே.

— இன்னொரு தடவை சொல்லுங்க. அதே குரல்ல.

— ராஜா, எனக்குக் கண்ணு… ஒரு மாதிரி இருட்டிக்கிட்டு வருது.

— சிஸ்டர்! சிஸ்டர், சாருக்கு என்னமோ ஆகுது! ஓடி வாங்க!

— ஐயா, என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க. தலையைத் தாழ்த்துறேன், காலைத் தூக்குறேன். பிரஷர் எண்பதுக்கு இறங்கிடுச்சு. அதான் அப்பவே சொன்னேன். உறிஞ்சுறதை நிறுத்திட்டேன், செலைன் போகுது. இப்ப எப்படி இருக்கு?

— குளிருது.

— குளிரும். போர்த்திவிடுறேன். கெண்டைக்கால் இழுக்குதா? அமுக்கிவிடுறேன், பல்லைக் கடிச்சுக்கோங்க… இப்ப நூறு. பரவாயில்ல. அண்ணே, அந்த லேப்டாப்பை மூடுங்க. இன்னைக்கு ஆடுனது போதும். இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுப் படுங்க, சரியா?

— மூடிட்டேன் சிஸ்டர்.

— ராஜா… நீ பயந்துட்டியா?

— படுங்க சார். பேசாதீங்க. நான் பேசுறேன், நீங்க கேளுங்க.

— எனக்குத் தூக்கம் வருது.

— வரட்டும். காது கேக்கும்ல? எனக்கு இருபத்திரண்டு வயசு சார். ஷெட்டு ஆரம்பிச்ச புதுசு. ஒருத்தன் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டாந்து விட்டான், கிளட்ச் சரியில்லன்னு. பிரிச்சுப் போட்டேன். மறுநாள் போலீஸ் ஜீப்பு வந்துச்சு. அது திருட்டு வண்டியாம். கொண்டாந்தவன் யாருன்னு தெரியாதுன்னேன். ஏத்திட்டுப் போயிட்டாங்க.

— வேண்டாம் ராஜா. பழசைக் கிளறாத.

— மூணு நாள். கண்ணுல துணி. ஒரு ரூம். சுவத்துல சாய்ச்சு உக்கார வச்சு, காலை நீட்டச் சொல்லி, தொடையில அடிப்பான். அடிக்கிறப்ப எண்ணுவான் சார், அதுதான் எனக்கு மறக்காது. ஒண்ணு, ரெண்டுன்னு கரகரன்னு ஒரு குரல். கணக்குத் தப்பிடுச்சுன்னா முதல்லருந்து ஆரம்பிப்பான். நான் எடுக்கலன்னு சொன்னேன். தெரியாதுன்னு சொன்னேன். இப்ப அந்த நாற்காலியில இருந்தானே, அவனை மாதிரியே சொல்லிக்கிட்டே இருந்தேன். யாருக்குமே கேக்கல.

— ம்.

— ரெண்டாவது நாள் ஒண்ணுக்குப் போனா கறுப்பா வருது. அன்னைக்குப் போனதுதான் சார் என் கிட்னி. வெளிய வந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்து தேறினேன். பாதி வேலை செய்யுதுன்னாங்க. பாதியை வச்சுப் பதினாலு வருஷம் ஓட்டினேன். அப்புறம் அதுவும் உக்காந்துடுச்சு. அதனாலதான் உங்க பக்கத்துல படுத்திருக்கேன்.

— இதை ஏன் என்கிட்ட சொல்ற?

— இருங்க சார். இன்னொரு குரலும் இருந்துச்சு. அடிக்கிறவன் கெட்ட வார்த்தையா திட்டிட்டுக் கதவைப் படார்னு அறைஞ்சுட்டு வெளிய போவான். கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது. அப்புறம் கதவு மெல்லத் திறக்கும். ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காருவாரு. மெதுவான குரல். தாடையைத் தாங்கிப் பிடிச்சுத் தண்ணி குடுப்பாரு. அவசரப்படாம குடின்னுவாரு. அந்த மூணு நாள்ல என்னை மனுஷனா தொட்டது அவர் ஒருத்தர்தான் சார். மூணாவது நாள் அவர்தான் சொன்னாரு. “போதும், செத்துடப்போற. சொல்லிடு ராஜா, எதுக்கு உடம்பைப் புண்ணாக்கிக்கிற? நான் பாத்துக்குறேன்.”

— சிஸ்டர்கிட்ட ஒரு ஐஸ் கட்டி கேளு.

— முதல் நாள் நீங்க இந்த வார்டுக்கு வந்து சிஸ்டர்கிட்ட ஐஸ் கேட்டீங்களே, அப்பவே எனக்கு அந்தக் குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ராஜா ராஜான்னு நீங்க கூப்பிடும்போதெல்லாம் அதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோன்னு இருக்கும். அப்புறம், உலகத்துல எத்தனையோ பேரு ராஜான்னு கூப்பிடுறாங்க, நமக்குத்தான் பித்துன்னு விட்டுடுவேன். கேட்டா நீங்க வேற ஷிஃப்டுக்கு மாறிடுவீங்களோன்னு பயம். இன்னைக்கு நீங்க வாய் தவறிச் சொல்லிட்டீங்க. வார்த்தை மாறாம. அது நீங்கதான் சார்.

— நான்… அங்க வேலை பாத்தேன். ஆமா.

— தெரியும் சார். நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. கும்பிடணும்னு நினைச்சவன். ஒரு கை மெஷின்ல இருக்கு, இல்லன்னா கும்பிட்டிருப்பேன்.

— அப்படிப் பேசாத. தயவுசெஞ்சு பேசாத.

— முழுசாக் கேளுங்க. அடிச்சப்ப நான் பேரு சொல்லல சார். எவ்வளவு அடிச்சும் சொல்லல, ஏன்னா சொல்றதுக்கு என்கிட்ட பேரே இல்ல. நீங்க தண்ணி குடுத்து, தலையைத் தடவி, நான் பாத்துக்குறேன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் உடைஞ்சுட்டேன். ஏதாவது ஒரு பேரு சொன்னா இவர் நம்மளைக் காப்பாத்திடுவாருன்னு தோணுச்சு. வாயில வந்த பேரைச் சொன்னேன். எங்க மாமா பேரு.

— மாமாவா?

— அக்கா புருஷன். பெயிண்டர். என் ஷெட்டுலதான் காருக்கு பெயிண்ட் அடிப்பாரு. அந்த வெள்ளைக் காரை அவர் தொடக்கூட இல்ல. என்னை அன்னைக்கு சாயங்காலமே விட்டுட்டாங்க. அவரைக் கூட்டிட்டுப் போனாங்க. நாலாவது நாள், எங்கயோ ஒரு மாடியிலருந்து குதிச்சுட்டாருன்னு சொல்லி அனுப்புனாங்க.

— ராஜா…

— அக்காவுக்குத் தெரியாது சார். பதினாறு வருஷமா தெரியாது. எவனோ பேரைச் சொல்லிட்டான், அவன் கை அழுகிப்போகணும்னு என் முன்னாடியே சாபம் விடுவா. விட்டுட்டு எனக்குச் சோறு போடுவா. இப்ப அவ கிட்னியைக் குடுக்குறேங்குறா. அவ புருஷன் உசிரை எடுத்துட்டு, அவ உடம்புலருந்தும் ஒண்ணை அறுத்து வாங்கிக்கவா? எந்த வாயால தேதி சொல்றது?

— வெள்ளிக்கிழமைன்னியே, அது என்ன?

— விசாரணைக் கமிஷன். அக்கா விடாம நடந்து நடந்து, இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க. நான் சாட்சி. அன்னைக்கு நானும் மாமாவும் அந்த ஸ்டேஷனுக்கு வரவே இல்லைன்னு போலீஸ்காரங்க பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காங்க. அந்த ரூம்ல இருந்தது யாருன்னு கேப்பாங்க. கண்ணைக் கட்டியிருந்தாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க. ஆனா வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சொல்லிடப் போறேன் சார், அக்கா உக்காந்திருக்கும்போதே. பேரைச் சொன்னது நான்தான்னு.

— சொல்லாத. அவ உன்னை மன்னிக்க மாட்டா.

— மன்னிக்க வேண்டாம். தெரிஞ்சா போதும். ஆனா ஒண்ணு. நான் மட்டும் சொன்னா, தப்பிக்கிறதுக்குக் கதை கட்டுறான்னு நினைப்பா. எப்படி அடிச்சான், யார் அடிச்சான்னு ஒரு பேரு வேணும். அந்தக் கரகரக் குரல்காரன் பேரு. அவன் முகம் அவளுக்குத் தெரியணும். உங்களை இதுல இழுக்க மாட்டேன் சார், சத்தியமா. நீங்க எனக்குத் தண்ணி குடுத்தவரு. உங்க பேரு என் வாயிலருந்து வராது.

— சிஸ்டர் வராங்க.

— வரல சார், அவங்க அந்தக் கோடியில இருக்காங்க. மறைக்காதீங்க. அவன் செத்துட்டானா?

— இல்ல.

— உசிரோட இருக்கானா? எங்க இருக்கான்? பெரிய ஆளா? அவனுக்குப் பயப்படுறீங்களா?

— பயம்தான். பதினாறு வருஷமா பயம்தான்.

— அப்ப காதோட சொல்லுங்க. நீங்களும் அவனும் ஒண்ணா வேலை பாத்தவங்க. அவன் வெளிய போனதும் நீங்க உள்ள வருவீங்க. அவனை உங்களுக்குத் தெரியாம இருக்காது.

— உன் கண்ணுல துணி கட்டச் சொன்னது எதுக்குன்னு நீ இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட யோசிக்கலையா ராஜா?

— எதுக்கு சார்?

— அந்த ரூம்ல ரெண்டு பேர் இல்ல. கதவை அறைஞ்சுட்டு வெளிய போனவனும் நான்தான், தொண்டையைச் செருமிக்கிட்டு உள்ள வந்தவனும் நான்தான்.